இரண்டு ரூஃப் முடிந்த பிறகு காண்ட்ராக்டரை மாற்றலாமா?

கேள்வி:

இன்ஜினியர் அம்மாவுக்கு வணக்கம். சேலம் லீ பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். மெய்யனூரில் 4,800 சதுர அடி மனையில் வாடகைக்கு விடக் கட்டடம் எழுப்புகிறேன். கீழே பில்லர் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று தளம், ஒவ்வொன்றும் 2,800 சதுர அடி. தளத்துக்கு சதுர அடி 2,300 ரூபாய், பார்க்கிங்குக்கு 1,200 என்று மெட்டீரியலோடு பேசி ஒரே காண்ட்ராக்டரிடம் விட்டேன். மொத்தம் 2,26,80,000. இதுவரை 1,31,00,000 கொடுத்தாகிவிட்டது. இரண்டு ரூஃப் முடிந்திருக்கிறது, மூன்றாவதுக்கு சென்ட்ரிங் அடிக்கிறார்கள். இப்போது எக்ஸ்ட்ரா என்று 14,60,000 கேட்கிறார்: பாறை உடைத்தது 3,10,000; இரண்டாம் தளத்தைக் குடோனுக்கு விடுவதால் கம்பி கூடுதல் 4,40,000; லிஃப்ட் குழி மாற்றியது 1,20,000; கம்பி விலை ஏற்றம் 3,90,000; ஆட்கள் சும்மா இருந்த கூலி 2,00,000. பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்றும் சொல்கிறார். முதல் தளத்துக்கு ஒரு துணிக்கடைக்காரர் எட்டு லட்சம் முன்பணம் கொடுத்திருக்கிறார், இரண்டாம் தளத்தையும் அவரே குடோனாக எடுக்கிறார். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் சாவி வேண்டுமாம். பேங்க் வட்டி ஓடுகிறது. டிப்ளமோ சிவில் படித்த அக்கா பையன் சைட்டைப் பார்த்துக்கொள்கிறான். காண்ட்ராக்டரை அனுப்பிவிட்டு, சாமான் நாங்கள் வாங்கி, கூலிக்கு மட்டும் ஆள் வைத்து லேபர் காண்ட்ராக்டில் நாங்களே முடிக்கலாமா? மச்சான் மேலே இன்னொரு தளம் சேர்க்கச் சொல்கிறார், அது முடியுமா? அக்ரிமென்ட், டிராயிங் நகலும் நாலு போட்டோவும் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

ஐயா, வணக்கம்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதினோரு இடத்தில் தொகை இருக்கிறது. தேதி எங்கே என்று தேடினால் தீபாவளி ஒன்றுதான், அதுவும் துணிக்கடைக்காரர் சொன்னது. பூஜை போட்டது எப்போது, முதல் ரூஃப் எப்போது, லிஃப்ட் டிராயிங் காண்ட்ராக்டர் கைக்கு எப்போது போனது, குடோன் யோசனை எந்த மாதம் வந்தது, ஒன்றும் இல்லை. அக்ரிமென்டிலும் "பன்னிரண்டு மாதத்துக்குள்" என்று ஒரு வரி இருக்கிறது, எந்த நாளில் இருந்து என்று இல்லை. குறை சொல்லவில்லை. என்னிடம் வருகிற ஓனர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறார்கள். ஆனால் உங்கள் சிக்கல் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால் திரும்பவும் அதற்கே வருவேன்.

முதலில் அவசரமானது. மூன்றாவது ரூஃபுக்கு இப்போது கான்கிரீட் போட வேண்டாம். அடித்த சென்ட்ரிங் அப்படியே இருக்கட்டும், கம்பி கட்டுவதையும் நிறுத்தி வையுங்கள். காரணம் பணம் இல்லை, குடோன்.

நீங்கள் அனுப்பிய ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கின் ஓரக் குறிப்பில் இரண்டாம் தளமும் மூன்றாம் தளமும் ஆபீஸ் என்று போட்டு, சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ, பாரம் எடுத்திருக்கிறார்கள். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 இரண்டாம் பாகத்தின்படி ஆபீஸுக்கு அது சரி. கடை என்றால் 4. குடோன் என்றால் அடுக்கும் உயரத்தில் மீட்டருக்கு 2.4 வீதம், எப்படிப் பார்த்தாலும் 7.5க்குக் குறையக் கூடாது. உங்கள் பாஷையில் சொல்கிறேன்: சதுர அடிக்கு ஒரு 25 கிலோ அரிசிப் பை வைக்கலாம் என்று கணக்குப் போட்ட தளத்தில் மூன்று பை ஏற்றப் போகிறீர்கள். முழுத் தளத்துக்கும் பார்த்தால் கணக்கில் இல்லாத பாரம் 130 டன்னுக்கு மேல். அது அந்தத் தளத்தோடு நிற்காது. பீமுக்குப் போய், பில்லருக்குப் போய், ஃபுட்டிங் என்கிற பில்லர் அடித்தளம் வரை இறங்கும். குடோன் தளம் என்பது நீங்கள் ஏற்கனவே போட்டு முடித்த இரண்டாவது ரூஃப். அதற்குக் கீழே நிற்கும் பில்லர்கள் பழைய கணக்கில் நிற்கின்றன.

காண்ட்ராக்டர் 4,40,000 ரூபாய்க்குக் கம்பி கூட்டிப் போட்டேன் என்கிறார். போட்டே இருக்கலாம். எந்த டிராயிங்கைப் பார்த்துப் போட்டார்? திருத்திய டிராயிங் நீங்கள் அனுப்பிய நகல்களில் இல்லை. மேஸ்திரி கை தாராளமாக பீமில் நாலு கம்பி சேர்த்தால் கட்டடம் குடோன் ஆகிவிடாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். "இந்தத் தளம் இவ்வளவு தாங்கும்" என்று கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால் பேசலாம். அவர் தயங்கினால் துணிக்கடைக்காரரிடம் முதல் தளம் மட்டும் என்று சொல்லிவிடுங்கள், இரண்டாவதை ஆபீஸுக்கு விடலாம். அடுத்து யாராவது பார்க்கிங்கைத் தடுத்துக் குடோன் ஆக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். அனுமதி வாங்கியது வண்டி நிறுத்த. அந்தப் பேச்சே வேண்டாம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வரும்போது இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இதுவரை போட்ட கான்கிரீட்டுக்கு க்யூப், அதாவது பலம் சோதிக்கும் கான்கிரீட் கட்டி, எடுத்தார்களா என்பது. உங்கள் ஒரு தளத்துக்கு பீமும் சேர்த்து 45 முதல் 50 கன மீட்டர் வரும். அந்த அளவுக்கு ஐ.எஸ். 456 நாலு சாம்பிள் கேட்கிறது, சாம்பிளுக்கு மூன்று க்யூப், ஆகப் பன்னிரண்டு. ரிப்போர்ட் இல்லை என்றால் ரீபவுண்ட் ஹாமர் என்ற தட்டிப் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் துளைத்து ஒரு துண்டு (கோர்) எடுக்க வேண்டியிருக்கும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ தனியார் ஆய்வகத்திலோ விசாரியுங்கள். குடோன் விஷயத்தில் அவர் கையெழுத்துப் போடவே இந்த ரிப்போர்ட்தான் வேண்டும்.

இன்னொன்று உங்கள் மூன்றாவது போட்டோவில் இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். பில்லர் கம்பியைச் சுற்றி ரிங் மாட்டியிருக்கிறார்கள், ரிங்கின் முனை ட போல நேராக மடங்கி வெளிப்பக்கம் நிற்கிறது. சேலம் நிலநடுக்க மண்டலம் மூன்றில் வருகிறது. இங்கே ரிங் முனை 135 டிகிரி மடங்கி, பில்லரின் உள்ளே பார்த்து, குறைந்தது 65 மில்லிமீட்டர் போக வேண்டும். கம்பி கட்டும் ஆளுக்கு அது ஒரு ரிங்குக்கு இரண்டு நிமிஷம் கூடுதல் வேலை, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். முடிந்தது முடிந்தது. இனிமேல் ஏறும் பில்லர்களில் ஒரு ரிங்கூட அப்படி இருக்கக் கூடாது. சைட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, உங்கள் அக்கா பையன், காலையில் டீ குடிக்கும் முன்னால் பார்க்க வேண்டிய வேலை அது.

சரி, காண்ட்ராக்டரை அனுப்பலாமா? இப்போது வேண்டாம். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை, எனக்கு அவரைத் தெரியாது. கணக்கு அப்படி இருக்கிறது. ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்கு 58 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள். நிற்பது ஃபுட்டிங், நாலில் இரண்டு ரூஃப், முதல் தளத்தில் பாதிச் சுவர். போட்டோவை வைத்துச் சொல்வதென்றால் வேலையின் மதிப்பு நூற்றுக்கு 40க்கு மேல் வராது. அளந்தால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஏறக்குறைய நாற்பது லட்சம் உங்கள் பணம் அவரிடம் இருக்கிறது, அல்லது அவருடைய வேறு சைட்டில் செங்கல்லாக நிற்கிறது. இன்றைக்கு அவரை அனுப்பினால் அந்தப் பணத்தோடுதான் போவார்.

இது எப்படி நடந்தது என்று அக்ரிமென்டைப் பார்த்தால் புரிகிறது. "வேலைக்குத் தகுந்தபடி அவ்வப்போது" பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வப்போது என்றால் நடைமுறையில் சனிக்கிழமை. மிளகாய் மூட்டை வந்து இறங்கினால் எடை போடாமல் பணம் எண்ணுவீர்களா? கட்டடத்துக்கு மட்டும் எப்படி மனசு வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆத்தூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். ஓனருக்கும் காண்ட்ராக்டருக்கும் வாய்த்தகராறு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரை அனுப்பிவிட்டார்கள், திங்கட்கிழமை புது ஆள் வந்துவிட்டார். புது ஆள் செய்த முதல் வேலை, பழையவர் செய்ததெல்லாம் குப்பை என்று சொன்னது. அது வழக்கம்தான். பழையவர் செய்த வேலைக்குப் பாக்கி என்று கேஸ் போட்டார், ஓனர் அதிகம் கொடுத்துவிட்டேன் என்று பதில் போட்டார். எவ்வளவு வேலை நடந்திருந்தது என்று காட்ட இரண்டு பேரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை, அதற்குள் புது ஆள் அதன் மேலேயே கட்டிவிட்டார். பிறகு அவருக்கும் பணம் நின்றது. இரண்டு மழைக்காலம் பில்லர் தலையில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. சாக்கு சுற்றிக் கட்டியிருந்தோம். சாக்கு மக்கி விழுந்த இடத்தில் துரு வழிந்து பில்லரெல்லாம் காவிக் கோடு. அந்த வெள்ளிக்கிழமை "அளந்துவிட்டு அனுப்புங்கள்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். புதுசு, பெண், வாயைத் திறக்கவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் கூட்டு அளவு. நீங்கள், காண்ட்ராக்டர், தம்பி, இரண்டு தரப்புக்கும் சாராத ஒரு இன்ஜினியர், நாலு பேரும் ஒரு முழு நாள் சைட்டில். ஃபுட்டிங் டிராயிங்கில் இருந்து, பில்லர், பீம், ரூஃப், சுவர் டேப் வைத்து. இறங்கிக் கிடக்கும் கம்பி, சிமென்ட், ஜல்லி, எம்-சாண்ட் தனியாக. ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்து, தேதியோடு. இது காண்ட்ராக்டரை மிரட்டுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எக்ஸ்ட்ரா கேட்பவருக்கும் அளவு வேண்டும்தானே.

எக்ஸ்ட்ராவுக்கு வருகிறேன். மொத்தமாகத் தர முடியாது என்பதும் தவறு, பாதியில் முடித்துக்கொள்ளலாம் என்று பேரம் பேசுவதும் தவறு. ஒவ்வொன்றும் வேறு வேறு சாதி.

பாறை. நம் ஊரில் மண்ணுக்குக் கீழே பாறை இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், காண்ட்ராக்டருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அக்ரிமென்டில் "அடித்தளம் 5 அடி ஆழம், சாதாரண மண்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வேலை தொடங்கும் முன் மனையில் மூன்று நாலு இடத்தில் குழி எடுத்துப் பார்த்து, பாறைக்குத் தனி ரேட் எழுதியிருந்தால் இந்தப் பேச்சு இல்லை. ஆக உடைத்ததற்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு உடைத்தார் என்பதுதான் கேள்வி. டிராயிங்கில் 20 ஃபுட்டிங். வேலை செய்யும் இடமும் சேர்த்து எட்டுக்கு எட்டு அடி, பாறையில் மூன்றரை அடி என்று எல்லாவற்றுக்கும் தாராளமாக வைத்தால் 4,480 கன அடி. 3,10,000 ரூபாயை வகுத்தால் கன அடிக்கு 69 ரூபாய் வருகிறது. பிரேக்கர் வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் இந்த ரேட் நடப்பா என்று கேளுங்கள். அவரிடம் பிரேக்கர் ஓடிய மணிக்கணக்குச் சீட்டு கேளுங்கள், அதில் தேதி இருக்கும். குழியின் போட்டோ தம்பி போனில் இருந்தால் எத்தனை குழியில் நிஜமாகப் பாறை வந்தது என்பதும் தெரிந்துவிடும்.

கம்பி விலை ஏற்றம் எனக்குப் பிடித்த ஐட்டம். கிலோவுக்கு 6 ரூபாய் ஏறிவிட்டது என்று அவர் சீட்டில் எழுதியிருக்கிறார். 3,90,000 வகுத்தல் 6 என்றால் 65 டன். பார்க்கிங்கும் சேர்த்து உங்கள் கட்டடம் 11,200 சதுர அடி. இந்த மாதிரிக் கட்டடத்துக்கு சதுர அடிக்கு நாலு, நாலரை கிலோ என்று கைக்கணக்கு போடுவோம். அப்படியானால் உச்சி வரைக்குமே 45 முதல் 50 டன். இன்னும் வாங்காத கம்பிக்கும், ஏற்கனவே பழைய விலையில் வாங்கிப் போட்ட கம்பிக்கும், அதற்கு மேலும் சேர்த்து ஏற்றம் கேட்கிறார். அக்ரிமென்டில் விலை ஏறினால் தருகிறேன் என்ற வரியும் கிடையாது, அதனால் சட்டப்படி நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. ஆனால் உங்களால் வேலை நின்று, அதனால் ஏறிய விலைக்கு வாங்க நேர்ந்தது என்று தேதி சொன்னால், அந்த அளவு கம்பிக்கு மட்டும் வித்தியாசத்தைக் கொடுப்பது மரியாதை.

லிஃப்ட் குழி: ஆறு பேர் லிஃப்ட் என்று குழி கான்கிரீட் முடிந்த பிறகு எட்டு பேர் லிஃப்டுக்கு மாறியது நீங்கள். உடைத்துத் திரும்பப் போட்ட அளவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சும்மா இருந்த கூலியில்தான் எல்லாருக்கும் கோபம் வரும். "வேலை செய்யாததற்குக் கூலியா?" யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. தம்பிக்கும் காண்ட்ராக்டருக்கும் நடந்த வாட்ஸ்அப்பை முதலில் இருந்து எடுத்து உட்காருங்கள். "லிஃப்ட் டிராயிங் எப்ப வரும்", "மாமா ஊர்ல இல்ல, வந்ததும் சொல்றேன்", "சென்ட்ரிங் ஆள் இன்னிக்கு வரல" எல்லாம் அதில் நாளும் நேரமுமாக இருக்கும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன நின்றது, எந்த நாளில் இருந்து எந்த நாள் வரை, யார் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அவர் பெயரும் வரும். அந்த நோட்டோடு பேசினால் இரண்டு லட்சம் தானாக ஒரு நியாயமான தொகைக்கு வந்து நிற்கும்.

குடோன் கம்பி 4,40,000 பற்றி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பதில் வரும் வரை பேச்சே வேண்டாம்.

அளவும் எக்ஸ்ட்ராவும் தீர்ந்த பிறகு மீதி வேலைக்குப் புதிதாக ஒரு துணை ஒப்பந்தம் எழுதுங்கள். பாக்கி 95,80,000. அதை ரூஃப், சுவர், பூச்சு, ஒயரிங், டைல்ஸ் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்து அளந்த பிறகே பணம், அதிலும் 5 சதவீதம் பிடித்து வைத்து ஒரு வருஷம் கழித்துத் தருவது. கொடுத்த பணத்துக்கு ஏற்ற வேலை இன்னும் வரவில்லை என்பதால் அவர் கையில் ரொக்கம் இருக்காது, சொந்தப் பணம் போட்டு அடுத்த ரூஃப் ஏற்றவும் மாட்டார். அதனால் அடுத்த இரண்டு ரூஃபுக்கும் கம்பியும் ரெடிமிக்ஸும் உங்கள் பெயரில் நேராக வாங்கி அவர் கணக்கில் கழியுங்கள். வாரக் கூலியை அளந்து கொடுங்கள், அதையும் கழியுங்கள். காண்ட்ராக்டரும் இருப்பார், சாமானும் உங்கள் கண்ணுக்கு முன்னால் இறங்கும்.

கம்பி இறங்கும்போது தம்பி செய்ய வேண்டிய கணக்கு ஒன்று. கம்பியின் மில்லிமீட்டரைத் தன்னோடு பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ. நூறு கம்பி எண்ணினால் எடை மேடைச் சீட்டில் 1,066 கிலோவை ஒட்டி வர வேண்டும், 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் ஐ.எஸ். 1786 அனுமதிக்கிறது. சீட்டில் எடை சரியாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முழுசாக லேபர் காண்ட்ராக்டுக்குப் போகும் யோசனைக்கு என் பதில், இல்லை. மேஸ்திரி, கம்பி, சென்ட்ரிங், எலக்ட்ரீஷியன், பிளம்பர், லிஃப்ட் ஆட்கள் என்று தனித்தனிக் குழுவை நேரம் பிசகாமல் இழுத்துக் கட்ட ஒருவர் வேண்டும். நீங்கள் விடிகாலை கடைக்குப் போகிற ஆள், தம்பிக்கு அனுபவம் போதாது. அதைவிட முக்கியம், மூன்றாம் தளச் சாரத்தில் இருந்து ஒருவர் விழுந்தால் அன்றைக்கு முதலாளி நீங்கள். கட்டடத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம் பிளான் அனுமதியின்போதே கட்டியிருப்பீர்கள், அது விபத்துக் காப்பீடு ஆகாது. இப்போதைய காண்ட்ராக்டரிடம்கூட பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் துணை ஒப்பந்தத்தில் முதல் வரி அதுதான்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் இப்போது சைட்டில் என்ன செய்கிறான் என்று போட்டோவிலேயே தெரிகிறது, நாலிலும் ஓரமாகப் போனோடு நிற்கிறான். அவனுக்கு ஒரு நீளமான ரூல் நோட் வாங்கிக் கொடுங்கள். தினமும் ஒரு பக்கம்: எத்தனை மேஸ்திரி, எத்தனை ஆள், எத்தனை மூட்டை, மழை பெய்ததா, எது நின்றது, யாரிடம் என்ன கேட்டோம். சாயங்காலம் காண்ட்ராக்டரின் ஆளிடம் கையெழுத்து. ஒரு மாதம் எழுதினால் அவன் சூப்பர்வைசர் ஆகிவிடுவான். அப்புறம் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முந்தின நாள் பீமுக்குள் போக வேண்டிய பைப்பெல்லாம் போய்விட்டதா என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். துணிக்கடைக்கு ஏசி வரும், அதன் தண்ணீர் போகும் குழாய்க்கு இடம் விடவில்லை என்றால், பின்னால் வரும் ஏசிக்காரர் டிரில்லை எடுத்து உங்கள் பீமைத்தான் துளைப்பார்.

இனி தீபாவளி. உங்கள் கடிதம் ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. துணிக்கடைக்காரர் கேட்கும் நாளுக்குப் பன்னிரண்டு வாரம். ஸ்ட்ரக்சுரல் பதிலுக்கும் கூட்டு அளவுக்கும் இரண்டு வாரம் வையுங்கள். நடுவில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, அந்த வாரம் உள்ளூர் ஆட்களைத் தேட முடியாது. மூன்றாவது ரூஃப் போட்டால், உங்கள் பீம் நீளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் என்றால் அதற்கும் மேல் சில நாள். அவசரம் என்று எட்டாம் நாள் முட்டைப் பிடுங்க யாரையும் விடாதீர்கள். அதன் மேல் பில்லர், சென்ட்ரிங், நாலாவது ரூஃப். அதற்குள் ஆவணி, புரட்டாசி வந்துவிடும். மதியம் சேர்வராயன் மலை உச்சி கறுத்தால் நாலு மணிக்கு அஸ்தம்பட்டியில் மழை, அடுத்து உங்கள் மெய்யனூர். ரூஃப் கான்கிரீட்டை விடிகாலை தொடங்கி மதியத்துக்குள் முடிக்கிற மாதிரி ரெடிமிக்ஸ் சொல்ல வேண்டும். பீகார் ஆட்கள் தீபாவளியை ஒட்டி ஊருக்குப் போனால் அவர்கள் பண்டிகையான சாத் பூஜை முடிந்துதான் திரும்புவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் தளத்தை மட்டும் தனியாக முடித்துக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பூச்சும் டைல்ஸும் முடிக்கலாம்தான். ஆனால் உங்கள் அளவு வணிகக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் கடை நடத்தக் கூடாது. லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறை உரிமம், தீயணைப்புத் துறை வேலை எல்லாம் மிச்சம் இருக்கின்றன. தலைக்கு மேல் சென்ட்ரிங் பலகை விழுகிற இடத்துக்கு ஜவுளி எடுக்கக் குழந்தையோடு யார் வருவார்கள்?

ஆகவே இந்த வாரமே துணிக்கடைக்காரரைப் பாருங்கள். போனில் வேண்டாம், நேரில். தீபாவளிக்கு முடியாது, பொங்கலுக்கு முன் தருகிறேன், தாமதத்துக்கு இரண்டு மாத வாடகை விட்டுத்தருகிறேன் என்று சொல்லுங்கள். இப்போது சொன்னால் தீபாவளிச் சரக்குக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வார். சரக்குக்கு ஆர்டர் கொடுத்து ஆள் எடுத்த பிறகு புரட்டாசியில் சொன்னால் எட்டு லட்சத்தையும் திரும்பக் கேட்பார், ஊர் முழுக்கவும் சொல்வார்.

மச்சானின் யோசனைக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. அனுமதிக்கு மேல் ஒரு தளம் ஏறினால் நிறைவுச் சான்று முழுக் கட்டடத்துக்கும் நின்றுபோகும். இருக்கிற பில்லருக்கே குடோன் கேள்வி பாக்கி இருக்கிறது.

பில் விஷயம். கட்டி வாடகைக்கு விடும் கட்டடத்துக்குக் காண்ட்ராக்டர் போடும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் வரவாக எடுத்துக் கழிக்க முடியாது, அதனால் பில் இல்லாமல் போகலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். பில் இல்லாத பணத்துக்குப் பின்னால் எந்த வழக்கிலும் கணக்குக் காட்ட முடியாது, கட்டடத்தை விற்கும்போதும் செலவாகக் காட்ட முடியாது. ஒரே காண்ட்ராக்டருக்கு வருஷத்தில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பும் இருக்கிறது, அதைச் செய்திருக்கிறீர்களா என்று நாளைக்கே ஆடிட்டரைக் கேளுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவர் பணத்துக்கு வருவார். கூலிக்கு மட்டும் கொடுத்து, கூட்டு அளவுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பார்த்து எழுதிய நோட்டின் ஜெராக்ஸ் ஒன்று எனக்கு அனுப்புங்கள். டிராயிங் நகலில் லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் ஏதோ எழுதி அடித்திருக்கிறார்கள், எனக்கு வந்த நகலில் படிக்க முடியவில்லை. அது யார் கையெழுத்து, எந்த நாள் எழுதியது என்று தம்பியிடம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.